கே-ஏழின் பால்

ஜூன் 9, திங்கள்

பேறுகால லீவு முடிந்து, துணி டெஸ்ட் செய்யும் லேபுக்கு மறுபடி போகத் தொடங்கியாயிற்று. இன்று முழுக்கக் குழந்தை உடுப்புகள். ரோம்பர், பிப், குல்லா. வெட்டி, ஊறவைத்து, வடித்து, ஒரு சொட்டை மெஷினுக்குள் ஏற்றினால் திரையில் கோடு ஓடும். சாயத்தில் கெட்டது ஏதாவது இருந்தால் அதற்குரிய இடத்தில் கோடு எழும்பி இறங்கும். அதுதான் பீக். லிமிட்டைத் தாண்டினால் ஃபெயில், லாட் முழுக்க ரிஜெக்ட். குழந்தைத் துணிக்கு லிமிட் இன்னும் கடுமை, வாயில் வைத்துச் சப்பும் என்பதால். முன்பெல்லாம் ஃபெயில் என்று எழுதும்போதுதான் யோசிப்பேன். தரணி பிறந்த பிறகு பாஸ் என்று எழுதும்போதும் பயமாக இருக்கிறது. பார்த்ததையே திரும்பப் பார்க்கிறேன். லேப் மேனேஜர் சிவபிரகாஷ் சார், "என்னம்மா இன்னைக்கு வேலை நகரவே மாட்டீங்குது?" என்றார்.

தரணிக்கு ஐந்து மாதம். எடை போதவில்லை என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னார். "கோடு படுத்துருச்சுங்க, பாத்துக்கோங்க." அட்டையில் அவர் வரைந்த எடைக் கோடு. இதை அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் அவருடைய தம்பியிடமிருந்து இன்னொரு டின் தேங்காய் எண்ணெய் வந்து இறங்கும். இப்போதே ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் மிதக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் வினிதா வந்தாள். சிவபிரகாஷ் சாருக்குச் சித்தி மகள். கால்நடை டாக்டருக்குப் படித்துவிட்டுக் குரங்குகளின் பின்னால் அலைகிறாள். கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் சின்னச் சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால். குரங்குப் பால்! பனியன் துணி பார்க்கும் லேபுக்கு இது வந்து சேர்ந்ததே வேடிக்கை. ஆனால் எங்கள் மெஷினே இதற்குப் போதும் என்கிறாள்.

மடத்துக்குளத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு முருகன் கோயில். அங்கே பெருகிவிட்ட குரங்குகளைப் பிடித்து மேலே காட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறார்களாம். மயக்க ஊசி போட்டிருக்கும் நேரத்தில், குட்டி வைத்திருக்கும் தாய்களிடம் இவள் சில துளி எடுத்துக்கொள்கிறாள். மேலே காட்டிலேயே பிறந்து வளர்ந்த தாய்களிடமும் எடுத்திருக்கிறாள்.

"கொழுப்பு எவ்வளவுன்னு பாக்க இல்லீங்க்கா. அது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும். எந்த எந்தக் கொழுப்புன்னு பாக்கோணும். அம்மா திங்கறதுதான் அதை மாத்தும்."

ஒரு குழாயில் கே-7 என்று எழுதியிருந்தது, கோயில் குரங்கு எண் ஏழு. காது கிழிந்த தாயாம். "அது மயங்கிக் கெடக்குது, குட்டி வயித்தை விடவே மாட்டீங்குது. அப்படியே வெச்சுத்தான் பாலெடுத்தோம்."

மேலே விட்ட பிறகு குட்டி பிழைக்குமா என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தீனி கெடைச்சாப் பாலிருக்கும். கோயில் சோத்துலயே வளந்ததுக பாருங்க... எல்லாமே தாங்கும்னு சொல்ல முடியாதுங்க்கா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எதற்காகக் கேட்டேன்?

ஜூன் 16, திங்கள்

குரங்குப் பால் மெஷினில் ஏறியது. கொழுப்பு ஒவ்வொன்றையும் அதிலுள்ள கார்பன் எண்ணிக்கையை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு. காட்டுக் குரங்குகளின் பாலில் பதினெட்டில் ஒரு வகை நிமிர்ந்து நிற்கிறது. அது இலையிலும் கொழுந்திலும் இருப்பது. கோயில் குரங்குகளின் பாலில் அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. பன்னிரண்டு எழுந்து நிற்கிறது. லாரிக் அமிலம் என்று அதற்குப் பெயர். எல்லாவற்றிலும் கே-7க்குத்தான் உயரம்.

"தேங்காய்ங்க்கா," என்றாள் வினிதா போனில். சரிதான், கோயிலில் உடைக்கும் சூறைத்தேங்காயில் பாதி அதுகளுக்குத்தானே போகிறது.

மெஷின் சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க வேறு ஏதாவது பால் ஒன்றும் போடச் சொல்லியிருந்தாள். மாட்டுப் பால் போதும் என்றாள். எனக்குக் காலையிலிருந்து மார்பு கட்டிக்கொண்டு ஒரே வலி. மதியம் வீட்டுக்குப் போய்க் கொடுத்தாலும் மாலைக்குள் மறுபடி கட்டிவிடுகிறது. ஸ்டோர் ரூமில் பிழிந்து கொட்டத்தான் போனேன். கொட்டவில்லை. குழாயில் பிடித்து எஸ்-1 என்று எழுதினேன். ச-வுக்கு எஸ். சத்யப்பிரியாவுக்கு எஸ்.

எஸ்-1இலும் பன்னிரண்டு நிற்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

கே-7ஐயும் எஸ்-1ஐயும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். பார்த்திருக்கக் கூடாது.

ஜூன் 18, புதன்

இந்தப் பன்னிரண்டை எனக்குக் குரங்கு காட்டித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. துணி அலசும் சோப்பில், சாயம் சீராக ஏறுவதற்குப் போடும் கெமிக்கலில், இதே பன்னிரண்டு கார்பன் சங்கிலிதான். நாளெல்லாம் அதன் வாசனையில் நிற்கிறேன். கையுறை போட்டாலும் கையில் வழுவழுப்பு இருக்கும். அது எனக்குள் போயிருக்குமா? எனக்குள் போனால் தரணிக்குள் போகாமல் எங்கே போகும்? எடை ஏறாதது அதனால்தானா?

இல்லை. தேங்காய் எண்ணெய்தான். குரங்குக்குத் தேங்காய், எனக்குத் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். லேபில் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி டெஸ்ட் எடுப்போம். எண்ணெயை நிறுத்திப் பார்க்கப் போகிறேன். பன்னிரண்டு இறங்கினால் எண்ணெய். இறங்காவிட்டால்—

சாயங்காலமே அத்தையிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எதிலும் எண்ணெய் வேண்டாம், தேங்காயும் வேண்டாம் என்று.

"பச்சை உடம்புக்காரிக்கு எண்ணெய் வேண்டாமா? யாரு கண்ணு உனக்குச் சொன்னது?"

"லேபுல பாத்தேனுங்க அத்தை."

"என்ற தம்பி ஆட்டுன எண்ணெயவா லேபுல பாத்த?"

அத்தை டின்னை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எஸ்-1 என்று ஒரு குழாய் இருப்பதை எப்படிச் சொல்வது?

ஜூன் 22, ஞாயிறு

சோறு, ரசம், இட்லி. இட்லி, ரசம், சோறு. பசி வயிற்றைப் பிறாண்டுகிறது, அதனால் இன்னும் சோறு. தங்கதுரை (கணவர் பெயரை இங்கே தைரியமாக எழுதலாம், அத்தை படிக்க மாட்டார்) தட்டைப் பார்த்துவிட்டு, "டயட்டா சத்யா?" என்று கிண்டல் செய்தார். அவருக்குப் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் அவசர ஆர்டர், ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டார்.

தரணி பால் குடிக்கும்போது கண்ணை மூடாமல் என்னையே பார்க்கிறாள். முன்பு இந்தப் பார்வை எவ்வளவு பிடிக்கும். இப்போது, என்ன கொடுக்கிறாய் என்று கேட்பது போல இருக்கிறது.

கே-7ஐ மேலே விட்டிருப்பார்கள். வினிதாவுக்குப் போன் போட்டுக் குட்டியைப் பற்றிக் கேட்கலாம். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

ஜூன் 27, வெள்ளி

எஸ்-2.

இறங்கவில்லை. கொஞ்சமும் இறங்கவில்லை. ஒரு மயிரிழை கூடவே இருக்கிறது.

எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை. அப்படியானால் அது சாப்பாட்டிலிருந்து வரவில்லை. அப்படியானால் இங்கிருந்துதான். இந்த லேபிலிருந்து, இந்தக் கையிலிருந்து. எத்தனை வருடமாக உள்ளே சேர்ந்திருக்குமோ. அதைத்தான் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். கடவுளே.

ரிப்போர்ட் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'லிமிட்' என்ற கட்டம் காலி. தாய்ப்பாலுக்கு லிமிட் யார் போட்டது? லிமிட் தெரியாத ஒன்று குழந்தைத் துணியில் வந்தால் என்ன செய்வோம்? அனுப்ப மாட்டோம். நிறுத்திவைப்போம். அதுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கடைசிக் கட்டத்தில் ஃபெயில் என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

ஜூன் 28, சனி

நிறுத்திவிட்டேன். பால் பவுடர் டப்பா, பாட்டில், நிப்பிள் எல்லாம் வாங்கியாயிற்று. டாக்டர் சொன்னார் என்று அத்தையிடம் பொய் சொன்னேன். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

தரணி பாட்டிலைத் துப்புகிறாள். என் சேலையைப் பிடித்து இழுத்து, முகத்தை மார்பில் தேய்த்துத் தேய்த்துக் கத்துகிறாள். அவள் கத்தினால் எனக்கு ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. அவளை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிழிந்து ஊற்றினேன். வெள்ளையாக, பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் ஓடிப்போனது.

ஜூலை 1, செவ்வாய்

பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். நல்லது. நல்லதுதானே?

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து வயிற்றோட்டம். இரண்டு தடவை வாந்தி. பாட்டிலைக் கொதிக்கவைத்தேன். நிப்பிளை? நேற்று மதியம் லேபுக்கு ஓடும் அவசரத்தில் நிப்பிளைக் கொதிக்கவைத்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அத்தை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனில் கொடுக்கிறார். முழுங்குகிறாள், அப்படியே வருகிறது.

அழுகிறாள், கண்ணீர் வரவில்லை. ஏன் கண்ணீர் வரவில்லை? தங்கதுரைக்குப் போன் போட்டுவிட்டேன். வந்துகொண்டிருக்கிறார். சீக்கிரம் வாங்க மாமா, சீக்கிரம் வாங்க.

ஜூலை 4, வெள்ளி

ஆஸ்பத்திரி. கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் கடைசியில் தலையில் குத்தினார்கள். நான் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அவள் தலை ஒரு கொய்யாக்காய் அளவுதான் இருந்தது.

டாக்டரம்மா கேட்டார், "தாய்ப்பால் ஏன் நிறுத்துனீங்க?"

தங்கதுரைதான் சொன்னார். நேற்று ஆட்டோவில் வரும்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். "துணி டெஸ்ட் பண்ற லேபுல இருக்கறாங்க டாக்டர். இவங்க பாலையும் மெஷின்ல போட்டுப் பாத்துருக்கறாங்க. ஃபெயில்னு வந்துருச்சுன்னு..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "யாரும்மா ஃபெயில் பண்ணுனது?" என்று கேட்டார்.

நான்தான்.

நீர்ச்சத்து ஏறியபின் தாய்ப்பாலையே கொடுக்கச் சொன்னார். எடை ஏறாததற்குப் பாலின் மேல் பழி போடாதீர்கள், நீங்கள் வேலைக்குப் போனதிலிருந்து குழந்தைக்கு எத்தனை தடவை கிடைக்கிறது என்று யோசியுங்கள் என்றார். யோசித்தேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, அப்புறம் இருட்டியபின்தான்.

அவர் போனதும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு இழுப்பு இழுத்தாள். ஒன்றும் வராமல் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 5, சனி

வினிதா வந்தாள். சிவபிரகாஷ் சார் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் போனில் இருந்த எஸ்-1, எஸ்-2 இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. எண்ணெயை நிறுத்தியதையும் கெமிக்கல் பயத்தையும் நானே சொன்னேன்.

"எண்ணெயை நிறுத்திப்போட்டு என்ன சாப்பிட்டீங்க்கா?"

"சோறு. இட்லி."

"அது மட்டுமேவா?"

"ஆமா."

அப்போது அவள் முகம் மாறியது. "அட, அக்கா..." என்றாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். பதினெட்டு வகைக் கொழுப்பெல்லாம் தாய் தின்பதிலிருந்தும் அவள் உடம்பில் சேர்த்து வைத்ததிலிருந்தும் வருவது. பன்னிரண்டு அப்படியில்லை. தேங்காய் தின்றாலும் வரும். தேங்காயே இல்லாமல் வெறும் சோறாகத் தின்றாலும் வரும், ஏனென்றால் அதை மார்பே செய்துகொள்ளும். கொழுப்பு வந்து சேரவில்லை என்றால், கிடைத்த மாவுச்சத்தை வைத்து மார்பு தானே கொழுப்பை உண்டாக்கும். பத்து, பன்னிரண்டு, பதினாலு, இவையெல்லாம் அங்கேயே தயாராகிறவை.

"பாருங், பன்னெண்டு மட்டுமில்ல. பத்தும் பதினாலும் சேந்து ஏறியிருக்குது. தேங்காய நிறுத்துன பெறகும் இப்படி ஏறுச்சுன்னா வேற என்ன? கோயில்ல இருக்கறதுகளும் தேங்காய் மட்டுமா திங்குது, பொங்கச் சோறு, பொரின்னு என்னென்னமோ. நானே தேங்காய்னு ஒத்த வார்த்தைல சொல்லிப்போட்டேன். உங்க கெமிக்கலெல்லாம் இல்லீங்க்கா. நீங்க எண்ணெயை நிறுத்திட்டீங்க, கொழந்தைக்கு வேணுமேன்னு உங்க உடம்பு அதுவே செஞ்சு குடுத்துருக்குது."

பத்தும் பதினாலும் ஏறியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. தடை செய்ததை மட்டும் தேடித் தேடிப் பழகிய கண். மற்றது எதுவும் கண்ணில் படுவதில்லை.

எதைப் பார்த்துப் பயந்தேனோ, அதை என் உடம்பு அவளுக்காகச் செய்திருக்கிறது. அதைத்தான் குளியலறையில் ஊற்றினேன். வினிதா முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அத்தை எழுந்து வந்து என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பன்னிரண்டும் தெரியாது, பதினாலும் தெரியாது. "என்ற தம்பி எண்ணெய்ல தப்பில்லைன்னு சொல்லுதா அந்தப் புள்ளை?" என்று மட்டும் கேட்டார். தப்பில்லீங்க அத்தை. ஒரு தப்பும் இல்லீங்க.

கே-7ஐப் பற்றி வினிதாவிடம் இன்றும் கேட்கவில்லை. இந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜூலை 9, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வயிறு சரியாகிவிட்டது. பால்தான் வரவில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. திரும்பத் திரும்ப வைத்தால்தான் ஊறும், குழந்தை இழுப்பதுதான் மருந்து என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இவள் இழுக்க வேண்டுமே. இரண்டு இழுப்பு, ஒரு அழுகை. பாட்டில் சுலபம் என்று கண்டுகொண்டாள், அவளைச் சொல்லி என்ன.

அத்தை பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுக்கிறார். அரிசிம்பருப்புச் சாதத்தில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார். வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன். சாப்பிட வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், பேசத்தான் திறக்கவில்லை.

மேலே அந்தக் காட்டில் கே-7க்கு யார் வதக்கிக் கொடுப்பார்கள்? எந்தக் கொழுந்து நல்லது, எது விஷம் என்று கோயில் பொரியில் வளர்ந்ததுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் இப்படி வற்றியிருந்தால்? அந்தக் குட்டிக்குப் பாட்டிலும் கிடையாது, ஊசியும் கிடையாது.

ஜூலை 10, வியாழன்

வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இடது பக்கம் கொஞ்சம். அவள் முழுங்கும் சத்தம் கேட்டது. பயத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்தே போய்விட்டது.

ஜூலை 28, திங்கள்

நர்ஸ் அட்டையில் புள்ளி வைத்தார். கோடு எழுந்திருக்கிறது. நிறைய இல்லை, ஆனால் எழுந்திருக்கிறது. "இப்புடியே போனாப் போதுங்க," என்றார். போதும் என்ற வார்த்தையை நம்பலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு இந்தப் புத்தி போகாது போல.

நான் போய்க் கேட்டதும் சிவபிரகாஷ் சார் ஒத்துக்கொண்டார். இனி பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் வீட்டுக்குப் போய் வரலாம். லேப் இருக்கும் எஸ்டேட்டுக்குப் பின்புறம்தானே வீடு, முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குழந்தை உடுப்புகள் மறுபடி ஒரு மூட்டை. காலையில் தரணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தோம். அத்தை அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "விடுங்க அத்தை," என்றேன். கஞ்சியில் பாதி அவள் மூக்கில், பாதி என் நைட்டியில். மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று அரை மணி நேரம் அவள் வயிற்றையே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மணிக்கு வினிதா ஐஸ் பெட்டியோடு வந்தாள். மேலே விட்ட குரங்குகளை இந்த வாரம் மறுபடி பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். குழாய்கள் போன தடவையைவிடக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். கை வைக்கும்போதெல்லாம் எழுத்தைப் பார்க்கப் பயம். கடைசிக்கு முந்தையது. கே-7. பக்கத்தில் இந்த வாரத் தேதி.

அடியில் கொஞ்சம் பால் இருந்தது.

குடிக்க ஆள் இல்லாவிட்டால் சில நாளிலேயே வற்றிவிடும். அது எனக்குத் தெரியும், எந்த மெஷினும் சொல்ல வேண்டியதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்னங்க்கா அழுகறீங்க, இன்னும் மெஷின்லயே போடலையே?"

"குட்டி இருக்குதா வினிதா?"

"இருக்குதுங்க்கா. இப்பவும் விட மாட்டீங்குது. என்னையக் கடிச்சுப்போட்டுது." கட்டை விரலைக் காட்டினாள், பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

கே-7ஐத்தான் முதலில் ஏற்றினேன். இலையின் பதினெட்டு எழுந்திருக்கிறது, காட்டில் பிறந்ததுகளின் அளவுக்கு இல்லாவிட்டாலும் பாதி தூரம் வந்துவிட்டது. பன்னிரண்டு குட்டையாகிவிட்டது. எதையோ தின்னக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ரிப்போர்ட் ஷீட்டில் 'லிமிட்' என்று இருந்த கட்டத்தின் தலைப்பை அழித்துவிட்டு, 'தாய் சாப்பிட்டது' என்று மாற்றினேன். வினிதா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல கே-7க்கு நேராக எழுதினேன். அத்திப்பழம், ஆலங்கொழுந்து, பூச்சி. கடைசிக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

"உங்களுது இன்னொண்ணு போட்டுப் பாக்கலாமுங்களா? எஸ்-3?" என்று வினிதா கேட்டாள்.

வேண்டாம் என்றேன். மணி நாலாகியிருந்தது, வீட்டுக்குக் கிளம்பினேன்.